பால்பல் எல்லாம் விழட்டும் என்று காத்திருக்காதீர்கள்

உங்கள் மகனுக்கு 8 வயது, வாயை மூடினால் மேல்வரிசையும் கீழ்வரிசையும் பொருந்தவில்லை, வீட்டில் "பால்பல் எல்லாம் விழட்டும், அப்புறம் கிளிப் போட்டுக்கலாம்" என்கிறார்கள், இது அழகுக்கான வைத்தியம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். இதே பேச்சை நம்பி நான் இரண்டு வருடம் சும்மா இருந்துவிட்டேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கோத்தகிரி. மகள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது எதைக் கொடுத்தாலும் வலது கன்னத்தில் ஒதுக்கித்தான் மெல்லுவாள். பழக்கம் என்று நினைத்தேன். ஒருநாள் தலை பின்னும்போது கண்ணாடியில் பார்த்தேன். வாயைத் திறந்திருக்கும்போது முகவாய் நேராக இருக்கிறது. பல்லை மூடியதும் கீழ்த்தாடை லேசாக வலப்பக்கம் நழுவிப் போய் உட்காருகிறது. மேல் முன்பல் இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடும் கீழ்ப்பல் நடுக்கோடும் ஒன்றுக்கொன்று விலகி நிற்கின்றன. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினேன். "பால்பல்தானே, 12 வயசுக்கு மேல வாங்க" என்றார்கள். நானும் வந்துவிட்டேன். அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை.

9 வயதில் கோயம்புத்தூரில் ஒரு ஆர்த்தோடான்டிஸ்ட் பார்த்தார். பல் டாக்டர் படிப்பு முடித்து, பல்லையும் தாடையையும் சீராக்குவதற்கென்றே மேலே மூன்று வருடம் எம்டிஎஸ் படித்தவர்கள் இவர்கள். தூக்குச்சட்டி மூடி எப்படிச் சட்டிக்கு வெளியே சுற்றிலும் இறங்குகிறதோ, அப்படி மேல்வரிசை கீழ்வரிசைக்குச் சற்று வெளியே அமைய வேண்டும். இவளுக்கு மேல்தாடை குறுகி, வலப்பக்கக் கடைவாய்ப் பற்கள் கீழ்ப்பல்லுக்கு உள்ளே போயிருந்தன. இதற்குக் கிராஸ் பைட் என்று பெயர். பல் இடிக்காமல் மூடுவதற்காகத் தாடை தானே ஒதுங்குகிறது. வளரும் வயதில் வருடக்கணக்காக ஒதுங்கினால் தாடையும் அப்படியே கோணலாக வளர்ந்துவிடலாம், பல்லும் ஒருபக்கமாகத் தேயும். இது அழகு சமாச்சாரம் இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வயது ஏன் முக்கியம் என்றால், மேல் அண்ணத்தின் எலும்பு நடுவில் ஒரு தையல் போட்டது மாதிரி இரண்டு பாதியாக இருக்கிறது. சின்ன வயதில் அந்தத் தையல் இறுகியிருக்காது. பதின்வயதின் நடுவிலும் கடைசியிலும் இறுகிவிடும். அதற்கு முன்னால் என்றால் ஒரு சின்னக் கருவியாலேயே தாடையை அகலப்படுத்திவிடலாம். பிறகு என்றால் எலும்பில் ஸ்குரூ, சிலருக்கு ஆபரேஷன் என்று போகும்.

அந்தக் கருவிதான் எக்ஸ்பாண்டர். கடைவாய்ப்பல்லில் வளையம் மாட்டி, அண்ணத்துக்குக் குறுக்கே நடுவில் ஒரு ஸ்குரூவோடு நிற்கும். அதை வீட்டில் நாம்தான் திருப்ப வேண்டும். ராத்திரி சாப்பிட்டுப் பல் தேய்த்ததும் என் மடியில் தலை வைத்துப் படுப்பாள். அவள் அப்பா டார்ச் பிடிப்பார். ஸ்குரூவில் ஊசிமுனை அளவு துவாரம் தெரியும். அதில் சாவிக் கம்பியை நுழைத்து, முன்பல் பக்கத்திலிருந்து தொண்டைப் பக்கமாக மெதுவாகத் தள்ள வேண்டும். அடுத்த துவாரம் கண்ணுக்குத் தெரிந்தால் அன்றைய திருப்பு முடிந்தது. ஒரு திருப்புக்குக் கால் மில்லிமீட்டர். முதல் நாள் எனக்குக் கை நடுங்கியது. அவளோ "மூக்குகிட்ட அமுக்குற மாதிரி இருக்கும்மா, வலிக்கல" என்றாள். சில நாட்களில் முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. பயந்து போன் செய்தேன். எலும்பு விரிகிறது, நல்ல அறிகுறி, பல் தானாகச் சேர்ந்துவிடும் என்றார் டாக்டர். சேர்ந்தும்விட்டது. 24 திருப்பு, மொத்தம் 6 மில்லிமீட்டர். புது எலும்பு ஊறிக் கெட்டியாக, அப்புறம் ஆறு மாதம் அப்படியே விட்டுவைத்தார்கள். முதல் வாரம் பேச்சு குழறியது, எச்சில் ஊறியது. வேறு தொந்தரவு இல்லை.

சரி, உங்கள் பையனுக்கும் இதேதான் என்று நான் சொல்ல வரவில்லை. கீழ்த்தாடை முன்னால் வருவது, மேல் முன்பல் துருத்துவது, கீழ் முன்பல் அண்ணத்தில் குத்தும் அளவுக்கு ஆழமாகக் கடிப்பது, முன்பல் சேராமல் திறந்தே நிற்பது என்று பல வகை இருக்கின்றன. சிலவற்றை இப்போதே தொட வேண்டும், சிலவற்றுக்கு உண்மையாகவே காத்திருக்கலாம். எது எதுவென்று சொல்லப் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும். 7 வயதுக்குள் ஒருமுறை காட்டுங்கள் என்பதுதான் ஆர்த்தோடான்டிஸ்டுகள் பொதுவாகச் சொல்வது. காட்டினால் உடனே கிளிப் போட்டுவிடுவார்கள் என்று அர்த்தம் இல்லை.

பால்பல்தானே என்று சொத்தைப் பல்லைச் சீக்கிரம் பிடுங்கிவிடாதீர்கள். அடுத்த பல்லுக்கு இடம் பிடித்து வைப்பதே அதுதான். அது போனால் பின்னால் உள்ள பல் முன்னால் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். 6 வயதில் பால்பல் வரிசைக்குப் பின்னால் கடைசியில் முளைக்கும் கடைவாய்ப்பல் எந்தப் பல்லும் விழாமலே வரும். அதைப் பால்பல் என்று நினைத்துச் சொத்தையாக விட்டுவிடுகிறோம். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். பையன் வாயைத் திறந்து தூங்குகிறானா என்றும் பாருங்கள். இங்கே குளிருக்கு மூக்கடைப்பு என்று விட்டுவிடுவோம். என் மகளுக்கு மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கியிருந்தது. காது மூக்கு தொண்டை டாக்டரிடமும் போனோம்.

12 வயதில் அவளுக்குக் கம்பி கிளிப் போட்டு 18 மாதம் ஆனது. மாதம் ஒருமுறை மேட்டுப்பாளையம் இறங்கி கோயம்புத்தூர். ஐப்பசி மழையில் மண்சரிந்து ரோடு மூடி ஒரு தவணை தள்ளிப்போனது. அதே வாரம் கம்பி நுனி கன்னத்தில் குத்த ஆரம்பித்தது. டாக்டர் கொடுத்திருந்த மெழுகை உருட்டி ஒட்டித்தான் சமாளித்தோம். மலையில் இருப்பவர்கள் அந்த மெழுகை இரண்டு டப்பாவாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேரட்டைப் பச்சையாகக் கடிக்கக் கூடாது, துருவிக் கொடுங்கள். பேரிக்காயை மெல்லிசாக நறுக்குங்கள். வர்க்கியை டீயில் நன்றாக ஊறவிட்டுச் சாப்பிடலாம். கடலைமிட்டாய் கூடவே கூடாது. கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டியிருக்கும் பிராக்கெட் பெயர்ந்தால் இன்னொரு நாள் லீவு, இன்னொரு பஸ்.

கம்பி கழற்றிய பின், பல்லை அதே இடத்தில் பிடித்து வைக்க, கழற்றி மாட்டும் ரிட்டெய்னர் உண்டு. அதை விட்டால் பல் பழைய இடத்துக்கே நகரப் பார்க்கும். ஒரு கல்யாணத்தில் இவள் அதைப் பேப்பரில் சுற்றி இலையோரம் வைத்தாள், இலையோடு போய்விட்டது. மறுபடி அளவெடுத்துப் புதிதாகச் செய்தோம். டப்பா இல்லாமல் வெளியே அனுப்பாதீர்கள்.

செலவுக்குப் பயந்துதான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். மாதத் தவணையாக வாங்கிக்கொள்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். பல் மருத்துவக் கல்லூரிகளில் எம்டிஎஸ் மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் குறைந்த செலவில் செய்கிறார்கள். போவதற்கு முன் பையனை ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கவைத்து, வாயை மெதுவாகத் திறந்து மூடச் சொல்லி போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். கிளினிக் நாற்காலியில் பிள்ளைகள் பயத்தில் வேறு மாதிரி கடிப்பார்கள். என் மகள் அப்படித்தான் கடித்தாள்.