மலைக்காற்று பிள்ளையை உயரமாக்குமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகனுக்குப் பதின்மூன்றரை வயது ஆகிறது, உயரம் 146 சென்டிமீட்டர். பன்னிரண்டு வயதுத் தங்கை அவனைவிட 4 சென்டிமீட்டர் கூடுதலாக வளர்ந்துவிட்டாள். என் நாத்தனார் மகன் பதின்மூன்று வயதில் கொடைக்கானல் விடுதிப் பள்ளிக்குப் போனவன், இரண்டே ஆண்டுகளில் நெடுநெடுவென வளர்ந்து வந்திருக்கிறான். கடலோரத்து உப்புக்காற்றும் வெக்கையும் பிள்ளைகளைக் குறுக்கிவிடும், மலைக்காற்றுதான் உயர்த்தும் என்கிறார் நாத்தனார். கடன் வாங்கியாவது இவனையும் அங்கே சேர்க்கலாமா? கணவரின் உயரம் 168, என் உயரம் 154.
— வாசகி, பாம்பன்

பதில்: உயரத்துக்காகக் கடன் வாங்க வேண்டாம். உங்கள் நாத்தனார் கண்ணால் கண்டது உண்மை. அதற்கு அவர் சொல்லும் காரணம்தான் தவறு. பதின்மூன்று முதல் பதினைந்து வரை என்பது ஆண் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆண்டுக்கு எட்டு, ஒன்பது, சிலர் பத்து சென்டிமீட்டர்கூட வளரும் காலம். அந்த இரண்டு ஆண்டுகளை அவர் மகன் கொடைக்கானலில் கழித்ததால் பெருமை மலைக்குப் போய்விட்டது. பாம்பனிலேயே இருந்திருந்தாலும் வளர்ந்துதான் இருப்பான். தினமும் பார்க்கும் கண்ணுக்கு அது தெரிந்திராது, அவ்வளவே.

குழந்தை பிறந்த முதல் ஆண்டில் ஏறத்தாழ 25 சென்டிமீட்டரும் இரண்டாம் ஆண்டில் அதில் பாதியும் வளர்கிறது. நான்கு வயதுக்குப் பிறகு வேகம் ஆண்டுக்கு ஐந்து, ஆறு சென்டிமீட்டராக அடங்கி, பருவமடையும் வயதில் மறுபடி பொங்குகிறது. இந்தப் பொங்கல் பெண் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதை ஒட்டியும், ஆண் பிள்ளைகளுக்கு அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்தும் உச்சத்துக்கு வருகிறது. ஆகவே பன்னிரண்டு வயதுத் தங்கை அண்ணனைத் தாண்டி நிற்பது இயல்பான காட்சி. பெண் பிள்ளைகள் வயதுக்கு வந்த பிறகு வழக்கமாக ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் வரைதான் வளர்வார்கள். அண்ணனோ இனிமேல்தான் ஓடத் தொடங்கப் போகிறான்.

ஒருவருடைய உயரத்தில் பெரும்பங்கு பெற்றோரிடமிருந்து வருவது. மருத்துவர்கள் ஆண் பிள்ளைக்குத் தாய் தந்தை இருவரின் உயரத்தையும் கூட்டி, அதோடு 13 சேர்த்து, இரண்டால் வகுப்பார்கள். உங்கள் வீட்டுக் கணக்கில் அது 167.5 சென்டிமீட்டர். இதற்கு எட்டு சென்டிமீட்டர் மேலேயோ கீழேயோ அவன் நிற்கக்கூடும். கொடைக்கானலில் சேர்த்தாலும் இந்தக் கணக்கில் கூட்டுவதற்கு எதுவும் கிடைக்காது. அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாம்பனில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் அங்கே கிடைக்கும். மெலிந்த காற்று வளர்ச்சியைத் தொடுகிறதென்றால் அது மட்டுப்படுத்தும் திசையிலேயே தொடுகிறது என்பதுதான் உலகின் உயர்ந்த மலைநாடுகளில் கண்டறியப்பட்டது. கொடைக்கானல் அளவு உயரத்தில் அந்தப் பாதிப்பும் மிகச் சிறியது. ஆகவே அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் பயப்பட வேண்டியதில்லை. நம் உப்புக்காற்று ஜன்னல் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்; எலும்பை ஒன்றும் செய்யாது.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. சுவரில் குதிகால் ஒட்ட, செருப்பில்லாமல் அவனை நிறுத்தி, தலைமேல் ஒரு அட்டையை மட்டமாக வைத்துக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். காலையில் அளந்தால் எப்போதும் காலையிலேயே அளவிடுங்கள். முதுகெலும்பின் தட்டுகள் பகல் முழுக்க அழுந்துவதால் மாலையில் எல்லோரும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறைந்துதான் இருக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும். ஓர் ஆண்டில் 4 சென்டிமீட்டருக்கும் குறைவாக வளர்ந்தாலோ, பதினான்கு வயது முடிந்தும் பருவ மாற்றத்தின் அறிகுறி எதுவுமே தென்படாவிட்டாலோ, குழந்தை மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, நெடுநாள் குடல் நோய் போன்ற, சிகிச்சை உள்ள காரணங்கள் சில அப்போதுதான் வெளிப்படும். கணவரும் தாமதமாக வளர்ந்தவரா என்று அவருடைய தாயாரிடம் கேட்டு வையுங்கள். மருத்துவரின் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்றாக இருக்கும்.

உணவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முள்ளோடு மென்று தின்னக்கூடிய நெத்திலி, சூடை, காரல் போன்ற பொடிமீன்களில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்தே கிடைக்கின்றன. கரையில் மலிவாகக் கிடைப்பதாலேயே அவற்றைக் குறைவாக மதிக்கிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும் 61 நாட்களில் பல வீடுகளில் வருமானத்தோடு தட்டும் இளைத்துவிடுகிறது. அந்த நாட்களில் முட்டை, பயறு, கருவாடு, கேழ்வரகு, முருங்கைக்கீரை ஆகியவற்றால் அந்த இடத்தை நிரப்புங்கள். உயரம் கூட்டுவதாக விளம்பரம் செய்யும் மாவு டப்பாக்களுக்கு அந்தப் பணம் போக வேண்டாம்.

கேள்வி: என் கணவர் சவூதியில் அபாவில் வேலை பார்க்கிறார். குடும்பத்தோடு அங்கே போகப் போகிறோம். மலை மேல் இருக்கும் ஊர் என்கிறார்கள். எட்டு வயது மகளின் வளர்ச்சி அங்கே தடைப்படுமா? நான் நான்கு மாதக் கர்ப்பிணியாகவும் இருக்கிறேன்.
— வாசகி, கீழக்கரை

பதில்: அபா சுமார் 2,200 மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய ஊட்டியின் மட்டத்தில் இருக்கும் ஊர். மகளைப் பற்றிக் கவலை வேண்டாம். நல்ல சாப்பாடும் உறக்கமும் தடுப்பூசிகளும் இருந்தால் அவள் தன் பாதையிலேயே வளர்வாள்.

வயிற்றில் இருக்கும் பிள்ளையைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மலையின் உயரம் தன் கையை முதலில் வைப்பது கருவறையில்தான். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 3,000 மீட்டருக்கும் மேலே இருக்கும் லெட்வில் என்ற சுரங்க ஊரில் எடை குறைந்த குழந்தைகள் அதிகம் பிறப்பதை 1950களிலேயே மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். பின்னர் அதே மாநிலத்தில் நடந்த ஆய்வு, ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் பிறப்பு எடை சராசரியாக 100 கிராம் அளவு குறைகிறது என்று கணக்கிட்டது. திபெத்திலும் ஆண்டிஸ் மலையிலும் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழும் இனங்களின் தாய்மாருக்கு இந்தக் குறைவு சிறிதே. கர்ப்பகாலத்தில் கருப்பைக்குப் பாயும் ரத்தத்தை அவர்கள் உடல் கூடுதலாகவே அனுப்பப் பழகியிருக்கிறது. கீழக்கரையிலிருந்து போகும் உங்களுக்கு அந்த மரபு இல்லை. சராசரியில் 200 கிராம் என்பது பயப்பட வேண்டிய அளவு இல்லை என்றாலும், மலையூர்களில் கர்ப்பகால ரத்த அழுத்தம் சமவெளியைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆகவே அங்கே போய்ச் சேர்ந்ததும் மருத்துவரிடம் பதிவு செய்து, ரத்த அழுத்தத்தையும் ஹீமோகுளோபினையும் பிள்ளையின் வளர்ச்சியைக் காட்டும் ஸ்கேனையும் தவறாமல் பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தவே வேண்டாம். மெலிந்த காற்றில் ஆக்சிஜனைச் சுமக்க ரத்தத்தைத் தவிர வேறு வண்டி இல்லை.

கேள்வி: மலை உச்சியிலும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான் என்று பாடத்தில் படித்தேன். அப்படியானால் அங்கே வளர்ச்சி ஏன் குறைய வேண்டும்?
— பிளஸ் டூ மாணவர், மண்டபம்

பதில்: விகிதம் மாறுவதில்லை, அழுத்தம் மாறுகிறது. 4,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ அறுபது சதவீதம்தான். ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் போகும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. பெரு நாட்டின் நுன்யோவா என்ற மலைப்பகுதியில், ஏறக்குறைய அந்த உயரத்தில் வாழும் கெச்சுவா இனப் பிள்ளைகளை ராபர்ட்டோ ஃப்ரிசாஞ்சோவும் பால் பேக்கரும் அளந்து 1970இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் தொடக்கப் படிகளில் ஒன்று. அந்தப் பிள்ளைகள் மெதுவாக வளர்ந்தார்கள். பருவ வயதின் பாய்ச்சல் தாமதமாகவும் மங்கலாகவும் வந்தது. இருபது வயதைக் கடந்தும் வளர்ச்சி நீடித்தது. இருந்தும் முடிவில் குட்டையாகவே நின்றார்கள். மார்புக்கூடு மட்டும் அகன்று வளர்ந்திருந்தது.

அதற்குக் காரணம் ஆக்சிஜன் மட்டுமா என்பதுதான் பிறகு எழுந்த வழக்கு. அந்த மலைகளில் குளிரும் வறுமையும் விளைச்சல் குறைவும் ஒன்றாகவே குடியிருக்கின்றன. பொலிவியாவின் லா பாஸ் நகரில், 3,600 மீட்டர் உயரத்தில் வசதியாக வாழும் ஐரோப்பிய வம்சாவளிப் பிள்ளைகளை அளந்தபோது குறைவு மிகச் சிறியதாகவே தெரிந்தது. எனவே பழியில் பெரும்பங்கு பசிக்கும் நோய்க்கும் போகிறது என்பதே என் கணிப்பு. ஆனால் காற்றை முற்றிலும் விடுவிக்கவும் முடியாது: 59 நாடுகளில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு குழந்தைகளின் அளவுகளைத் தொகுத்து 2020இல் வந்த ஆய்வு, நல்ல வீட்டுச் சூழலில் வளர்பவர்களிடமும் ஊரின் உயரத்தோடு உடலின் உயரம் சற்றுக் குறைவதைக் காட்டியது. உடல் இந்தக் குறையை எல்லா எலும்புகளுக்கும் சமமாகப் பங்கிடுவதில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பெருவின் மலைப்பிள்ளைகளுக்கு முழங்காலுக்குக் கீழேயும் முழங்கைக்குக் கீழேயும் உள்ள நீள எலும்புகளே தெளிவாகக் குட்டையாக இருந்தன. கையும் பாதமும் அவ்வளவாகப் பாதிக்கப்படவில்லை. தட்டுப்பாட்டுக் காலத்தில் எதை விட்டுக்கொடுக்கலாம் என்று உடல் தனக்குள் ஒரு வரிசை வைத்திருக்கிறது போலும்.

கேள்வி: அப்படியானால் கடல் மட்டத்தில் வாழ்வதே உயரத்துக்கு நல்லதா?
— வாசகர், தேவிபட்டினம்

பதில்: அதற்கும் அவசரப்பட வேண்டாம். எத்தியோப்பியாவில் 1970களின் தொடக்கத்தில் ஒப்பிட்டபோது, தாழ்ந்த பகுதிப் பிள்ளைகளைவிட மலைப் பகுதிப் பிள்ளைகளே வளர்ச்சியில் முன்னால் நின்றார்கள். தாழ்விடத்தில் மலேரியா முதலிய நோய்கள் மிகுந்திருந்தன. மறுபக்கம், நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கும் நெதர்லாந்தின் இளைஞர்கள் இன்று சராசரியாக 183 சென்டிமீட்டர் அளவில், உலகிலேயே மிக உயரமானவர்களில் இருக்கிறார்கள். அதே மண்ணில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் படைக்கு ஆள் எடுத்தபோது சராசரி 165 சென்டிமீட்டர் அளவுதான். இடையில் கடல் மட்டம் பிள்ளைகளை உயர்த்தவில்லை. பாலும் சுத்தமான குடிநீரும் மருத்துவமும் எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தன.