பொத்தானுக்கும் அடிக்கும் நடுவே

அண்ணே, வணக்கம்.

செல்லூர்ல இருந்து எழுதுறேன். பாலிடெக்னிக் கடைசி வருஷம். போன வாரம் ஒரு ஆக்‌ஷன் ஆர்.பி.ஜி.யோட (ஒரு ஆளை எடுத்து வளர்த்துக்கிட்டே சண்டை போடுற வீடியோ கேம்) க்ளோஸ்டு பீட்டாவுக்கு, அதாவது வெளியீட்டுக்கு முன்னாடி கூப்பிட்டவங்க மட்டும் ஆடிப் பார்க்கிற சோதனைக்கு, அழைப்பு வந்துச்சு. வெளிய சொல்ல மாட்டேன்னு ஒத்துக்கிட்டதால பேரு சொல்ல முடியல. மூணு ராத்திரி, மொத்தம் 11 மணி நேரம் ஆடினேன். லேப்டாப்பை ஹால் டி.வி.ல மாட்டி, வீட்ல எல்லாரும் தூங்குறதால ப்ளூடூத் ஹெட்செட் போட்டுக்கிட்டேன். ரெண்டு கையிலயும் பிடிக்கிற பெரிய கோடரி வச்சிருக்க ஆளை எடுத்தேன். மேப் பெருசு, கதை சுமார். ஆனா அடி விழுந்த மாதிரியே இல்ல, பஞ்சு மூட்டைய அடிக்கிற மாதிரி இருக்கு. லேக் வேற. சர்வர் சிங்கப்பூர்னு காட்டுது, பிங் 75. பெரிய எதிரியான பாஸ் கைய ஓங்குறப்பவே உருண்டாலும் அடி விழுது. லூட்டும் மட்டம். மெனுல தமிழ் இல்ல. கருத்து கேட்டு வந்த ஃபார்ம்ல 'மொக்கை, ஒரே லேக்'னு போட்டு அனுப்பிட்டேன். இத முன்பதிவு பண்ணலாமாண்ணே? எந்த கிளாஸ் எடுத்தா நல்லது?

க., மதுரை

அன்புள்ள தம்பி,

முதலில் ஒரு குட்டு. பெயர் சொல்ல முடியாது என்று எழுதிவிட்டு, அடுத்த பத்தியிலேயே இரண்டு பாஸ்களின் பெயரையும் ஊரின் பெயரையும் போட்டிருந்தாய். அந்தப் பத்தியை வெட்டிவிட்டுத்தான் கடிதத்தை வெளியிட்டிருக்கிறேன். ஒத்துக்கொண்டால் வாயை மூடு.

கிளாஸ், அதாவது எந்த வகை வீரனை எடுப்பது என்ற கேள்விக்குப் பதில் இல்லை. பீட்டாவில் எது பலசாலியோ அதைத்தான் வெளியீட்டுக்கு முன் முதலில் வெட்டுவார்கள். லூட்டும், அதாவது எதிரிகளைக் கொன்றால் விழும் பொருள்களும், அப்படியே. டயாப்லோ 4 என்ற இதே ரக விளையாட்டுக்கு 2023 மார்ச்சில் நடந்த பீட்டாவில் அரிய பொருள்கள் தாராளமாக விழுந்தன. மே மாதம் வைத்த சர்வர் சோதனையில் அந்த விகிதத்தை வெளியீட்டுக்கு ஏற்றபடி குறைத்தார்கள். பீட்டாவில் கையில் விழுந்ததை வைத்து ஒரு விளையாட்டை எடை போடாதே.

உன் கடிதத்தில் என்னைப் பிடித்து உட்கார வைத்தது 'லேக்' என்ற சொல். தமிழ்நாட்டில் விளையாடுகிறவர்கள் எல்லாருடைய வாயிலும் இது இருக்கிறது. படம் திக்கினாலும் லேக், நெட் போனாலும் லேக், கோடரி மெதுவாக விழுந்தாலும் லேக். வயிற்று வலி, தலை வலி, கால் வலி மூன்றுக்கும் 'முடியல' என்று மட்டும் சொன்னால் எந்த டாக்டர் மருந்து கொடுப்பார்? உன் படிவத்தை அங்கே படித்தவன் நெட்வொர்க் ஆளுக்கு அனுப்புவானா, கிராஃபிக்ஸ் ஆளுக்கா, அனிமேஷன் ஆளுக்கா? யாருக்கும் அனுப்பியிருக்க மாட்டான்.

நெட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். பிங் என்பது சர்வருக்கு ஒரு செய்தி போய்வர ஆகும் நேரம், மில்லி விநாடியில். உன் பொத்தான் அழுத்தல் சிங்கப்பூர் போக வேண்டும். வழி சென்னையானால் மதுரையிலிருந்து அங்கே சுமார் 450 கிலோமீட்டர், அங்கிருந்து வங்கக் கடலடிக் கேபிளில் 3,200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடக் குறைய. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்வர 7,300 என்றால் 37 மில்லி விநாடி. இதற்குக் கீழே எந்தக் கம்பெனியாலும் இறங்க முடியாது. நடுவில் உள்ள ரவுட்டர்கள், சில சேவைகள் மும்பையைச் சுற்றிக்கொண்டு போவது, இவை எல்லாம் சேர்ந்தால் 75. அது நல்ல எண்தான் தம்பி. அதைக் குறை சொல்லாதே.

75 என்பது 75-ஆகவே நிற்கிறதா என்பதைத்தான் நீ பார்த்திருக்க வேண்டும். 60, 75, 240, 70, 310 என்று குதித்தால், எதிரிப் பிசாசுகள் சிலை மாதிரி நின்றுவிட்டுச் சட்டென்று உன் பக்கத்தில் முளைக்கும். நீ ஓடிய இடத்திலிருந்து பத்தடி பின்னால் இழுத்துப் போடப்படுவாய். இதை நீ எழுதவே இல்லை. ஆகவே உன் சிக்கல் பெரும்பாலும் நெட் இல்லை. இருந்தாலும் சோதித்துவிடு. கமாண்ட் பிராம்ப்ட்டில் வீட்டு ரவுட்டருக்கு 100 தடவை பிங் அனுப்பு. ரவுட்டர் அடுத்த அறையில்தான் இருக்கிறது. 1 முதல் 5 மில்லி விநாடிக்குள் வர வேண்டும். நடுநடுவே 80, 150 என்று எட்டிப் பார்த்தால் தப்பு சிங்கப்பூரில் இல்லை, உன் வைஃபையில். செல்லூர் மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை எப்போதும் நெரிசல்தான். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் அதில் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. தெருவே அந்த மூன்றில் ஏறி நிற்கும். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று ஆழ்வார்புரத்தில் நின்று போன் போட்டுப் பார்த்திருப்பாய், அதே கதை. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறு, அல்லது லேன் வயரைச் செருகு. ரவுட்டருக்கு ஒழுங்காக வந்து வெளியே மட்டும் குதித்தால், வீட்டில் யாருடைய போனாவது அந்த நேரத்தில் போட்டோக்களை மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறதா பார். அப்லோட் அடைத்துக்கொண்டால் பிங் ஏறிவிடும்.

படம் திக்குவது வேறு விஷயம். ஒரு மந்திரம் முதல் தடவை வெடிக்கும்போது மட்டும் திக்கி, அடுத்த தடவை வழுக்கிக்கொண்டு போனால் அதை வரைகிற ஷேடர் என்ற நிரல் அப்போதுதான் தயாராகிறது என்று பொருள். பீட்டாக்களில் இது சகஜம், எழுதினால் சரிசெய்வார்கள். ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குள் நுழையும்போது மட்டும் என்றால் டிஸ்க் பக்கம் சந்தேகப்படு. முதல் இருபது நிமிடம் நன்றாக ஓடி, பிறகு தளர்ந்தால் சூடு. சித்திரை மாதத்து மதுரையில் ராத்திரி 11 மணிக்கும் சுவர் கொதிக்கும். லேப்டாப்பை மெத்தையில் வைத்தால் அடியில் காற்று போகிற ஓட்டை அடைபடும். சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பின்பக்கம் இரண்டு இன்ச் தூக்கி வை, சார்ஜரைக் கழற்றாமல் ஆடு.

இனி உன் கடிதத்தில் நீயே போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கவனிக்காமல் விட்ட வரி: டி.வி., ப்ளூடூத். இதைப் படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன்.

டி.வி. என்பது படம் பார்க்கச் செய்த சாமான். வருகிற படத்தை மெருகேற்றி, அசைவை வழவழப்பாக்கி, பிறகுதான் காட்டும். இந்த மெருகைக் குறைக்கிற கேம் மோடைப் போடாவிட்டால் 50-லிருந்து 100 மில்லி விநாடி, சில செட்டுகளில் அதற்கு மேலும் பிந்தும். 75 பிங்கைத் திட்டிக்கொண்டிருந்தாயே, ஹாலிலேயே இன்னொரு சிங்கப்பூரை வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறாய். சாதாரண ப்ளூடூத் ஹெட்செட் ஒலியை 150-லிருந்து 250 மில்லி விநாடி பிந்திக் கொடுக்கும். சினிமா பார்க்கும்போது தெரியாது, போனும் செயலியும் படத்தைச் சேர்த்தே பிந்தவைத்துச் சமாளித்துவிடும். விளையாட்டில் அந்தச் சலுகை கிடையாது.

இப்போது பஞ்சு மூட்டைக்கு வருகிறேன். ஓர் அடி கனமாகத் தெரிய வேண்டுமானால் நாலைந்து காரியம் ஏறக்குறைய ஒரே நொடிப்பிளவில் நடக்க வேண்டும். கோடரி உடம்பில் படும் இடத்தில் இரண்டிலிருந்து ஐந்து ஃப்ரேம் (திரையில் அடுத்தடுத்து மாறும் தனிப் படம்) வரை அசைவு உறைய வேண்டும். அந்த ஃப்ரேமிலேயே அடித்தொண்டையிலிருந்து வருகிற மாதிரி ஒரு 'தும்' கேட்க வேண்டும். வாங்கியவன் சுருள வேண்டும், கால் ஒரு எட்டுப் பின்னால் போக வேண்டும், கேமரா ஒரு மயிரிழை குலுங்க வேண்டும். இதில் ஒன்று பிந்தினால்கூட கை நம்பாது. ஆன்லைன் விளையாட்டில் இன்னொரு சங்கடம் உண்டு. நாலு பேர் ஒன்றாக ஆடும்போது ஒருவன் அடித்ததற்காக உலகத்தையே உறைய வைக்க முடியாது. உன் திரையில் உன் ஆளை மட்டும் உறைய வைத்து ஏமாற்றுவார்கள். பல விளையாட்டுகளில் கோடரியின் வீச்சு உன் கணினியிலேயே தொடங்கிவிடும், சேதக் கணக்கு மட்டும் சர்வருக்குப் போய்வரும். உன்னுடையதும் அப்படியானால் கோடரி பட்டு 75 மில்லி விநாடி கழித்துத்தான் எண் மேலெழும், பிசாசு சுருளும். ஒலியோ ப்ளூடூத்தில் எங்கேயோ வந்துகொண்டிருக்கும். வெட்டு ஒரு பக்கம், வலி ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். பஞ்சாகத் தெரியாமல் என்ன செய்யும்?

ஓர் எச்சரிக்கை. டி.வி. படத்தையும் பிந்தவைப்பதால் ஒலியின் பிந்தலில் பாதி மறைந்து கிடக்கிறது. கேம் மோடைப் போட்ட உடனே ப்ளூடூத் முன்னைவிட மோசமாகத் தெரியும். பயந்து பழையபடி மாற்றிவிடாதே. வயர் இயர்போனை மாட்டு, இரண்டும் ஒருசேரச் சரியாகும்.

உருண்டாலும் அடி விழுகிறது என்கிறாய். உன் சொல்லையே திரும்பப் படி: "ஓங்குறப்பவே உருண்டாலும்." லேக் இருந்தால் உன் உருளல் பிந்தும். நீயோ முந்தியிருக்கிறாய்! சிலம்பத்தில் பாவலா என்று ஒன்று உண்டு. தலைக்கு ஓங்குவதுபோல் காட்டி, நீ தடுப்பை மேலே தூக்கியதும் காலில் இறக்குவது. இந்தக் காலத்து பாஸ்கள் எல்லாம் பாவலாக்காரர்கள். ஓங்கிய கையை அரை விநாடி அந்தரத்தில் நிறுத்திவைப்பார்கள். பொதுவாக உருளலின் முதல் பகுதியில்தான் அடி உன்மேல் படாது. ஓங்கிய உடனே உருண்டால், கை இறங்குகிற நேரத்தில் நீ எழுந்து தூசி தட்டிக்கொண்டிருப்பாய். கையைப் பார்க்காதே, தோளைப் பார். அது முன்னால் சரியும்போது உருள். இன்னொன்று, பெரிய கோடரிக்கு ஓங்கவும் நேரம் பிடிக்கும், வீசிய கை திரும்பவும் நேரம் பிடிக்கும். வீச்சின் நடுவில் உருளலை அழுத்தினால் சில விளையாட்டுகள் உடனே அறுத்துக்கொண்டு உருளவிடும், சில வீச்சு முடியட்டும் என்று வரிசையில் நிற்க வைக்கும். இது எந்த ரகம் என்று கண்டுபிடிக்க, அதே இடத்தில் குறுவாளைக் கையில் எடுத்து அதே பொத்தான்களை அழுத்து. குறுவாளில் உடனே உருண்டு கோடரியில் பிந்தினால், அது வேண்டுமென்றே வைத்த கனம். பிடிக்கவில்லை என்று எழுதலாம், லேக் என்று எழுதக் கூடாது.

நான் சொன்ன எண்களை அப்படியே நம்பாதே, அளந்து பார். போனில் ஸ்லோ மோஷன் 240 ஃப்ரேம் இருக்கும். விரலும் திரையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி போனைச் சாய்த்து வை. பொத்தான் அடிமட்டத்தைத் தொட்ட ஃப்ரேமிலிருந்து திரையில் முதல் அசைவு வரும் ஃப்ரேம் வரை எண்ணு. ஒரு ஃப்ரேம் 4 மில்லி விநாடிக்குக் கொஞ்சம் மேலே; 24 ஃப்ரேம் என்றால் 100. முதலில் சரக்குப் பையைத் திறக்கிற பொத்தானை 10 தடவை அளந்து சராசரி எடு. பை திறக்கப் பெரும்பாலும் சர்வரைக் கேட்க வேண்டியதில்லை, ஆகவே அது உன் வீட்டுத் தாமதம். பிறகு கோடரி வீச்சை 10 தடவை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் விளையாட்டின் கணக்கு.

படிவத்தில் அதற்குப் பிறகு இப்படி எழுது: "லேன் வயர், பிங் 72 முதல் 80. டி.வி.யில் கேம் மோட் போட்டு ஆடினேன். கோடரி வீச்சு பாதியில் இருக்கும்போது உருளல் அழுத்தினால் 10-க்கு 7 தடவை வீச்சு முடிந்த பிறகே உருள்கிறது, 3 தடவை உருளவே இல்லை." பீட்டாவின் பதிப்பு எண் மெனுவின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும், அதையும் சேர். உன் இங்கிலீஷ் உடைந்திருந்தாலும் பரவாயில்லை, 10-க்கு 7 என்பதை எவனும் தப்பாகப் படிக்க மாட்டான். டயாப்லோ 4 பீட்டாவில் நிலவறைகளில் வந்த வழியே திரும்பி நடக்க வைத்தார்கள். ஜூன் 6 வெளியீட்டுக்கு முன் அந்தத் திரும்பு நடையைக் குறைத்தார்கள். எல்லாரையும் கொல்ல வேண்டிய இடத்தில் மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு பேர் தாங்களே உன்னைத் தேடி வரும்படி மாற்றினார்கள். 'மொக்கை' என்ற சொல்லிலிருந்து அப்படி ஒரு மாற்றத்தைச் செய்ய முடியுமா, நீயே சொல்.

மெனுவில் தமிழ் பற்றி ஒன்று மட்டும். எழுத்துருவைக் கொண்டுபோய்ப் போட்டால் போதாது. 'கொ' என்று தட்டினால் கொம்பு எழுத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் போய் உட்கார வேண்டும். அந்த வரிசைப்படுத்தலைச் செய்கிற நிரல் இல்லாத எஞ்சினில் கொம்பு பின்னால் போய்ப் புள்ளி வட்டத்தோடு தொங்கும். சாட்டில் ஒரு தமிழ் வரி தட்டி, அது எப்படி வருகிறது என்று படம் எடுத்து அனுப்பு. தமிழ் வேண்டும் என்று கேட்பதைவிட அது அவர்களுக்குப் பயன்படும்.

முன்பதிவா? எண்ணத்தைத் தள்ளிவை. டிஜிட்டல் பிரதி சினிமா டிக்கெட் இல்லை, தீர்ந்து போகாது. ஸ்டீமில் வாங்குவதானால் வெளியீட்டுக்குப் பிறகு வாங்கினாலும் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடாமல் இருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். அந்த இரண்டு மணி நேரம் கோடரியைச் சோதிக்கத் தாராளம். பீட்டா இன்னும் மூடவில்லையென்றால் இன்று ராத்திரி டி.வி. ரிமோட்டை எடுத்து கேம் மோடைத் தேடு, உன் டி.வி.யில் அது படம் என்கிற மெனுவுக்குள் எங்கேயாவது ஒளிந்திருக்கும். இருபது எண்களையும் எனக்கு அனுப்பு. பாஸ் பெயர் வேண்டாம்.