வாசகர் கேள்வி: செம்புக் காயிலில் கசிவு ஏன்?

கேள்வி: ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு முடித்துவிட்டு, ஏ.சி. காயில் (செம்புக் குழாய்ச் சுருள்) தயாரிக்கும் தொழிற்சாலையில் பிரேசிங் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். நான் பற்றவைக்கும் யூ-பெண்ட் (யூ வடிவ வளைகுழாய்) இணைப்புகள் பார்வைக்கு நன்றாக இருந்தும், கசிவுச் சோதனையில் பல திரும்பி வந்துவிடுகின்றன. அவசரத்தில் சிலர் குழாய்க்குள் நைட்ரஜன் வாயு விடாமலே வேலையை முடிக்கிறார்கள், அது சரியா? புகையால் உடலுக்குக் கெடுதல் உண்டா?
– வாசகி, ஸ்ரீபெரும்புதூர்

பதில்: வெல்டிங்கில் பழகிய கை, பிரேசிங்கில் முதலில் இந்த இடத்தில்தான் தடுமாறும். வெல்டிங்கில் குழாயே உருக வேண்டும். பிரேசிங்கில் அது உருகவே கூடாது; இடையில் நிரப்பும் உலோகக் கம்பியான ராட் மட்டுமே உருக வேண்டும். செம்பு 1085 டிகிரி செல்சியஸில் உருகும். நீங்கள் பயன்படுத்தும் செம்பு-பாஸ்பரஸ் ராடோ ஏறத்தாழ 710 டிகிரியில் இளகத் தொடங்கி, 800 டிகிரி அளவில் நன்றாக ஓடும். ஆகவே, சுடரை ராடின் மேல் காட்டாமல், உள்ளே நுழையும் யூ-பெண்டை முதலில் சூடாக்கி, பிறகு அதை ஏந்தியிருக்கும் குழாய் வாயைச் சுற்றிச் சூடாக்கி, இரண்டும் ஒரே சீராகச் செம்மை ஏறியதும் ராடைத் தொட்டால், அந்தச் சூட்டிலேயே அது உருகி, மயிரிழை இடைவெளிக்குள் தானாக இழுக்கப்படும். சுடரால் ராடை நேரடியாக உருக்கினால், அது வாயருகே அழகான வளையமாக உறைந்துவிடும், உள்ளே வெறுமைதான். உங்கள் இணைப்புகளில் இதுவே நடக்கிறது என்று கருதுகிறேன். மேற்பார்வையாளரிடம் கேட்டு, கழித்த இணைப்பு ஒன்றை நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். உலோகம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

அருகிலேயே இருக்கும் அலுமினியத் தகடுகள் 660 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால், சுடரின் முனை அவற்றின் பக்கம் திரும்பக் கூடாது.

நைட்ரஜன் விடாமல் பற்றவைப்பது தவறு. அதில் சமரசத்துக்கு இடமில்லை. காற்று நிறைந்த குழாயைச் சூடாக்கினால் உட்சுவரில் கருப்பு ஆக்சைடு படியும். அன்றைய கசிவுச் சோதனையில் அது பிடிபடாது. பின்னர் வாங்கியவர் வீட்டில் அது செதில் செதிலாக உரிந்து, சுமார் ஒரு மில்லிமீட்டர் துளையே உள்ள கேபிலரி குழாயை அடைக்கும், கம்ப்ரஸரையும் கெடுக்கும். அதேசமயம், நைட்ரஜன் மெல்லிய ஓட்டமாகவே இருக்க வேண்டும்; மறுமுனையும் திறந்திருக்க வேண்டும். அழுத்தம் கூடினால், உருகிய உலோகத்தைத் துளைத்துக்கொண்டு வாயு வெளியேறி ஊசித்துளை விழும். உங்கள் கசிவுக்கு இதுவும் காரணமாகலாம். அழுத்தச் சோதனைக்கு ஆக்சிஜனை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்தால் வெடித்துவிடும்.

புகை நிச்சயம் கெடுதலானது. செம்பும் செம்பும் சேரும் இடத்தில் ஃப்ளக்ஸ் (உலோகப் பரப்பின் ஆக்சைடை நீக்கும் பசை) தேவையில்லை. ஆனால் பித்தளை, எஃகு இணைப்புகளுக்கு வெள்ளி ராடும் ஃப்ளக்ஸும் வேண்டும்; ஃப்ளக்ஸ் புகையில் ஃப்ளோரைடு இருக்கும். சில பழைய வகை வெள்ளி ராடுகளில் உள்ள காட்மியம் நுரையீரலையே கெடுக்கும். காட்மியம் அற்றது என்று உறையில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழுதுபார்க்க வரும் காயிலில் குளிர்பதன வாயு மிச்சமிருந்தால், சுடர் பட்டதும் நச்சுவாயு உண்டாகும். ஆர்-32 என்ற குளிர்பதன வாயு தீப்பிடிக்கவும் கூடும். அதை முழுவதும் வெளியேற்றிய பிறகே டார்ச்சைப் பற்றவைக்க வேண்டும். புகையுறிஞ்சியும் நிறக்கண்ணாடியும் தருவது நிர்வாகத்தின் கடமை. தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.