பாத்திரத்தை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், தம்பி

கேள்வி: எனக்கு 26 வயது. கரூரில் வீட்டு உபயோகத் துணிகள் ஏற்றுமதி செய்யும் நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். பள்ளி நாளிலிருந்தே காமிக்ஸ் பைத்தியம். நான் எழுத, என் நண்பன் வரைய, ஒரு சூப்பர் ஹீரோ கதையை நான்கு வருடமாக உருவாக்கி வைத்திருக்கிறோம். இப்போது ஒரு நிறுவனம் வெளியிட முன்வந்திருக்கிறது. தலா 32 பக்கத்தில் மூன்று புத்தகங்கள். எங்கள் இருவருக்கும் சேர்த்து 60,000 ரூபாய். ஆனால் ஒப்பந்தத்தில், கதை, பாத்திரங்கள், பெயர், இனி வரக்கூடிய எல்லா வடிவங்களும் நிரந்தரமாக நிறுவனத்தையே சேரும் என்று இருக்கிறது. எங்கள் பெயரைப் போடுவது பற்றி ஒரு வரி கூட இல்லை. "பேர் வராட்டி என்ன, புத்தகம் வந்தா போதும். இதை விட்டா யார் நம்மளத் தேடி வரப் போறா?" என்கிறான் நண்பன். பத்து நாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா? வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இதில் இறங்கலாமா, சார்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கரூர்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் நாயகனைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த பகுதியை இங்கே அச்சிடவில்லை. இன்னும் வெளிவராத கதை, உங்களிடமே பத்திரமாக இருக்கட்டும். இரண்டு கேள்விக்கும் முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். இப்போது இருக்கும் வாசகங்களோடு கையெழுத்துப் போடாதீர்கள். வேலையையும் இப்போது விடாதீர்கள். ஏன் என்று புரிய, உங்களைப் போலவே ஒரு நண்பரோடு சேர்ந்து சூப்பர்மேன் என்ற நாயகனை உருவாக்கிய ஜெர்ரி சீகலின் வாழ்க்கையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சீகல் 1914-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பிறந்தவர். லித்துவேனியாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பம், அப்பாவுக்குத் துணிக்கடை. 1932-ல் கடையில் நடந்த ஒரு திருட்டின்போது அப்பா மயங்கி விழுந்து இறந்துபோனார். பள்ளியில் கிடைத்த நண்பர் ஜோ ஷஸ்டர் வரைவார், சீகல் எழுதுவார். 1933-ல் இருவரும் சொந்தமாக நடத்திய ஒரு சின்னப் பத்திரிகையில் 'சூப்பர்மேன்' என்ற பெயரில் ஒரு கதை வந்தது. அதில் சூப்பர்மேன் வழுக்கைத் தலை வில்லன். அதன் பிறகுதான் அவனை நல்லவனாக்கி, வேற்றுக் கிரகத்தில் பிறக்கவைத்து, கிளார்க் கென்ட் என்ற சாதுவான பத்திரிகைக்காரனுக்குள் ஒளித்துவைத்தார்கள். செய்தித்தாள்களில் தொடராக வரவேண்டும் என்று ஒவ்வொரு நிறுவனமாக அனுப்பினார்கள். எல்லாரும் திருப்பி அனுப்பினார்கள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். சூப்பர்மேன் விலைபோகாமல் கிடந்த காலத்தில் சீகல் சும்மா இருக்கவில்லை. 1935-லிருந்தே நியூயார்க் பதிப்பகம் ஒன்றுக்கு டாக்டர் அக்கல்ட் என்ற மாந்திரீகத் துப்பறிவாளர் கதைகளை எழுதினார். 1937-ல் 'டிடெக்டிவ் காமிக்ஸ்' முதல் இதழில் வந்த ஸ்லாம் பிராட்லியும் இவர்கள் இருவருடையதுதான். ஒரு கட்டத்துக்குள் எவ்வளவு வசனம் தாங்கும், எந்த இடத்தில் பக்கத்தைத் திருப்ப வைக்க வேண்டும் என்ற பாடமெல்லாம் அந்தக் கதைகளில்தான் படிந்தது. உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு நாயகன்தான் இருக்கிறான். நான்கு வருடம் அவனோடு வாழ்ந்திருக்கிறீர்கள், நல்லதுதான். ஆனால் எட்டுப் பக்கத்தில் முடிகிற வேறு கதைகள் நாலைந்தையும் எழுதி, நண்பரை வரையச் சொல்லி, வெளியே அனுப்புங்கள். அவற்றில் ஒன்றிரண்டு கைவிட்டுப் போனாலும் பெரிய நஷ்டமில்லை.

சரி, 1938-க்கு வருவோம். அந்தப் பதிப்பகம் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' என்று புதிய இதழ் தொடங்க, பக்கத்தை நிரப்பக் கதை தேடியது. சூப்பர்மேனை எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். 13 பக்கம், பக்கத்துக்கு 10 டாலர், மொத்தம் 130 டாலர். அந்தப் பணத்துக்கு ஈடாக, பாத்திரத்தின் முழு உரிமையும் என்றென்றைக்கும் பதிப்பகத்துக்கே என்று இருவரும் எழுதிக் கொடுத்தார்கள். இருவருக்கும் அப்போது 23 வயது. ஐந்து வருடம் 'வேண்டாம்' என்ற சொல்லையே கேட்டவர்களுக்கு முதன்முதலாக ஒருவர் 'சரி' சொன்னால் கை தானாகக் கையெழுத்துப் போடும். உங்கள் நண்பர் சொல்வதும் அதே மனநிலைதான், அவர்மேல் கோபப்படாதீர்கள்.

130 டாலருக்கு ஏமாற்றப்பட்டு அன்றே தெருவுக்கு வந்தார்கள் என்று பலரும் இந்தக் கதையைச் சுருக்கிவிடுகிறார்கள். உண்மை அப்படியில்லை. அடுத்த பத்து வருடம் சூப்பர்மேன் கதைகளைத் தயாரித்துத் தந்து இருவரும் நன்றாகவே சம்பாதித்தார்கள். கிளீவ்லாந்தில் உதவி ஓவியர்களை வைத்து ஸ்டூடியோ நடத்தும் அளவுக்கு வசதி வந்தது. ஆனால் வந்த பணம் வேலைக்கான கூலி. சொத்து பதிப்பகத்திடம் இருந்தது. வருமானம் நன்றாக இருக்கும் வரை இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. சூப்பர்மேனின் சிறுவயதுக் கதையை 'சூப்பர்பாய்' என்று எழுதலாம் என சீகல் யோசனை சொன்னபோது பதிப்பகம் வேண்டாம் என்றது. பிறகு அவர் ராணுவத்தில் இருந்த சமயத்தில், அவரைக் கேட்காமலே அதை வெளியிட்டது. 1947-ல் இருவரும் வழக்குப் போட்டார்கள். சூப்பர்பாய் விஷயத்தில் சீகல் பக்கம் நியாயம் இருப்பதாகத் தீர்ப்பு வந்தது. சூப்பர்மேன் மட்டும் திரும்ப வரவில்லை, கையெழுத்து கையெழுத்துதான். கடைசியில் சுமார் 94,000 டாலருக்குச் சமரசமாகி, இரண்டு பாத்திரத்தையும் விட்டுக்கொடுத்தார்கள். வேலை போனது. கதைகளின் தலைப்பில் வந்துகொண்டிருந்த அவர்கள் பெயரும் எடுக்கப்பட்டது.

உடனே ஃபன்னிமேன் என்று இன்னொரு நாயகனை உருவாக்கினார்கள். ஆறு இதழோடு நின்றுபோனது. இது போனால் இன்னொன்று படைத்துக்கொள்ளலாம் என்று இருபத்தாறு வயதில் தோன்றும், எனக்கும் அந்த வயதில் அப்படித்தான் தோன்றியிருக்கும். உலகத்தின் மிகப் பெரிய நாயகனைப் படைத்தவருக்கே இரண்டாவது முறை அது வாய்க்கவில்லை. 1959-ல் அதே பதிப்பகத்துக்குத் திரும்பிப் போய், தான் படைத்த சூப்பர்மேனுக்கே பக்கக் கூலிக்குப் பெயரில்லாமல் கதை எழுதினார். 1961-ல் வந்த, சூப்பர்மேன் இறந்துபோவதாகக் கற்பனை செய்து பார்க்கும் கதை அவர் எழுதியதுதான். அவ்வளவு நல்ல கதை அது. உரிமையைத் திரும்பக் கேட்டு மறுபடி வழக்குக்குப் போனதும் அந்த வேலையும் போனது.

இனி நான் சொல்லப்போவது நம்மோடு தொடர்புடையது. வீட்டில் யாராவது 80-களில் சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸ் படித்தவர்கள் இருந்தால், ஸ்பைடரைத் தெரியுமா என்று கேளுங்கள். முகம் மலரும். கூர்மையான காதுகள், வலைத் துப்பாக்கி, உலகத்தையே காலடியில் போடத் துடிக்கும் குற்றச் சக்கரவர்த்தி, பிறகு மனம் மாறி நல்லவர்கள் பக்கம் வந்தவன். அவன் 1965-ல் 'லயன்' என்ற பிரிட்டிஷ் வார இதழில் பிறந்தவன். டெட் கோவன் எழுத்தில், ரெக் பன் ஓவியத்தில் தொடங்கிய அந்தத் தொடரைச் சீக்கிரமே வேறொருவர் எழுதத் தொடங்கினார். ஜெர்ரி சீகல்தான் அவர். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வார இதழ்களில் எழுதியவர் பெயரைப் போடும் வழக்கம் இல்லை. அதனால் தமிழில் அந்தக் கதைகளை வரி வரியாக மனப்பாடம் செய்திருந்த எனக்கும் என் நண்பர்களுக்கும், சூப்பர்மேனைப் படைத்தவரைத்தான் படித்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரியவே தெரியாது. தெரிந்திருந்தால் அவருக்கு ஒரு கடிதமாவது எழுதியிருப்போம். பெயர் வராவிட்டால் என்ன என்று கேட்கும் உங்கள் நண்பரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். பெயர் இல்லையென்றால் அடுத்த வேலை தேடி வராது, வாசகனும் தேடி வரமாட்டான்.

70-களில் சீகல் லாஸ் ஏஞ்சல்ஸில் சாதாரண எழுத்தர் வேலையில் இருந்தார். ஷஸ்டருக்குப் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. பெரும் செலவில் சூப்பர்மேன் படம் எடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட சீகல், 1975-ல் அந்தப் படத்தைச் சபித்து ஒரு நீண்ட அறிக்கை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் ஆகிய ஓவியர்கள் அவருக்காக ஓடி ஓடி ஊர் அறியப் பேசினார்கள். அந்த டிசம்பரில் நிறுவனம் இறங்கிவந்தது. இருவருக்கும் ஆயுள் முழுக்க ஆண்டுக்கு 20,000 டாலர், மருத்துவச் செலவு, 'படைத்தவர்கள் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர்' என்ற வரி. சட்டப்படி தரவேண்டிய கட்டாயம் இல்லாத பணம் அது, வெட்கப்பட்டுத் தந்தது. ஷஸ்டர் 1992-லும் சீகல் 1996-லும் மறைந்தார்கள். 10 சென்டுக்கு விற்ற அந்த முதல் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' இதழின் ஒரு பிரதி 2024-ல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

இதற்கு நேர் எதிராகவும் ஒன்று நடந்திருக்கிறது. 1984-ல் கெவின் ஈஸ்ட்மேன், பீட்டர் லேர்ட் என்ற இரண்டு இளைஞர்கள், கைப்பணமும் கடனும் போட்டு, நிஞ்ஜா ஆமைகள் கதையைக் கறுப்பு வெள்ளையில் சுமார் 3,000 பிரதி அடித்தார்கள். பாத்திரங்கள் அவர்களுடையதாகவே இருந்தன. பொம்மை, கார்ட்டூன், சினிமா என்று எது வந்தாலும் அவர்களிடம் அனுமதி கேட்டு வரவேண்டியிருந்தது. எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வராது, அதுவும் உண்மை. ஆனால் வந்தபோது வாங்கிக்கொள்ள உரிமை அவர்கள் கையில் இருந்தது.

இனி உங்கள் ஒப்பந்தம். 96 பக்கத்துக்கு 60,000 என்றால் பக்கத்துக்கு 625 ரூபாய், ஆளுக்குப் பாதி. முதல் புத்தகத்துக்கு இந்தத் தொகையை நான் குறை சொல்லமாட்டேன். அந்தப் பணத்துக்கு அவர்கள் எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் சிக்கல். நிலத்தைக் குத்தகைக்கு விடுவதற்கும் கிரயம் பண்ணிக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் குத்தகைக்குத்தான் விடவேண்டும். தமிழில், அச்சிலும் மின்நூலிலும், இந்த மூன்று புத்தகங்களை இத்தனை வருடம் வெளியிட அனுமதி. அவ்வளவே.

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம், 1957 உங்களுக்கு ஓரளவு துணை நிற்கிறது. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆனால் உங்கள் ஒப்பந்தத்தில் 'நிரந்தரமாக' என்று தெளிவாக எழுதியிருப்பதால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காது. அந்த ஒரு சொல்லை எடுக்கவைப்பது முக்கியம். 57-வது பிரிவு, உரிமையை விற்ற பிறகும் படைப்பாளி தானே படைத்தவர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைக் காக்கிறது. அதை நம்பிச் சும்மா இருந்துவிடாமல், ஒவ்வொரு அட்டையிலும், பின்னால் வரும் எந்த வடிவத்திலும் இரண்டு பெயரும் இடம்பெற வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதவையுங்கள். சினிமா, அனிமேஷன், பொம்மை, விளையாட்டு எல்லாம் தனிப் பேச்சு, அப்போது தனி ஒப்பந்தம். குறிப்பிட்ட காலத்துக்குள் புத்தகம் வெளிவராவிட்டால் எல்லாம் உங்களுக்கே திரும்ப வேண்டும் என்றும் ஒரு வரி வேண்டும். பதிப்புரிமை வழக்குகளில் பழக்கமுள்ள ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். அந்தச் செலவை யோசிக்காதீர்கள்.

அதற்கு முன்னால் உங்கள் இருவருக்குள் ஒரு தாள் எழுதிக்கொள்ளுங்கள். பேட்மேன் 1939-ல் வந்தபோது ஓவியர் பாப் கேன் தன் பெயரில் மட்டும் ஒப்பந்தம் செய்துகொண்டார். கதை எழுதிய, முகமூடி முதல் மேலங்கி வரை யோசனை தந்த பில் ஃபிங்கர் 1974-ல் இறக்கும்வரை அவர் பெயர் படைத்தவர் வரியில் வரவில்லை. 2015-ல்தான் சேர்த்தார்கள். பாத்திரத்தில் யாருக்கு எத்தனை பங்கு, ஒருவர் விலகினால் என்ன என்பதை நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதிவிடுவது நல்லது. நண்பரைச் சந்தேகிப்பதாக நினைத்துக் கூச்சப்படாதீர்கள்.

வேலை விஷயம். மாதச் சம்பளம் இருப்பதால்தான் உங்களால் இந்த ஒப்பந்தத்துக்கு 'வேண்டாம்' சொல்ல முடிகிறது. அதை விட்டுவிட்டால் அடுத்த ஒப்பந்தத்தில் எதை வைத்தாலும் கையெழுத்துப் போடுவீர்கள். அலுவலகக் கணினியிலோ அலுவலக நேரத்திலோ கதை எழுதாதீர்கள், பின்னால் யாரும் கேள்வி கேட்க இடம் வைக்க வேண்டாம். பழைய வரைவுகளைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். புத்தகங்கள் வந்து, இரண்டு மூன்று இடத்திலிருந்து தொடர்ந்து எழுத்து வேலை வர ஆரம்பித்தால், அப்போது மறுபடி எனக்கு எழுதுங்கள். அன்றைக்கு என் பதில் வேறாக இருக்கலாம்.

அப்புறம் அந்தப் பத்து நாள் கெடு. நாளைக்கே மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: 'வெளியிட முன்வந்ததற்கு நன்றி. புத்தகங்களை உங்களோடு கொண்டுவரவே விரும்புகிறோம். பாத்திர உரிமை, பெயர், காலவரம்பு ஆகிய மூன்று பிரிவுகளில் திருத்தம் கேட்கிறோம். வக்கீல் பார்த்துத் தர மூன்று வாரம் தேவை.' நல்ல பதிப்பகமாக இருந்தால் காத்திருக்கும், பேசவும் செய்யும். காத்திருக்க மறுத்தால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு இன்னொருவரிடம் போங்கள், அல்லது முதல் 32 பக்கத்தை நீங்களே 300 பிரதி அடித்து அடுத்த புத்தகக் கண்காட்சிக்குக் கொண்டுவாருங்கள். முதல் பிரதியை நான் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.