ஓகே: வேண்டுமென்றே செய்த ஒரு தப்பு

அன்புள்ள ஐயா,

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மச்சான் ஒருவர் ஒரு செய்தி போட்டிருக்கிறார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் யாரும் சாகாத நாளில், முகாம் பலகையில் 'ஜீரோ கில்ட்' என்பதைச் சுருக்கி எழுதுவார்களாம். அந்த சைபரும் கே-யும்தான் 'ஓகே' ஆனதாம். என் மகள் இதைப் பேச்சுப் போட்டிக்காக மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள். நம்பலாமா?

ஒரு வாசகர், கரூர்

அன்புள்ள நண்பருக்கு,

கதை நன்றாகத்தான் இருக்கிறது, கணக்குதான் இடிக்கிறது. அந்தப் போர் தொடங்கியது 1861இல். 'ஓ.கே.' அதற்கு 22 வருடம் முன்பே அச்சேறிவிட்டது. 1839 மார்ச் 23, 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்'. 'மணியடிப்பு எதிர்ப்புச் சங்கம்' என்ற பெயரில் ஒரு வேடிக்கைச் சங்கம் இருந்தது. அதைப் பற்றிய கிண்டல் குறிப்பின் நடுவே 'ஓ.கே.' என்று போட்டு, பக்கத்திலேயே 'ஆல் கரெக்ட்' என்று விளக்கமும் கொடுத்திருந்தார்கள்.

'ஆல் கரெக்ட்' என்றால் ஏ, சி அல்லவா வர வேண்டும்? அங்கேதான் விஷயம். எழுத்துக்கூட்டத் தெரியாதவன்போல வேண்டுமென்றே தப்பாக எழுதி, அந்தத் தப்பின் முதலெழுத்துகளை மட்டும் போடுவது அன்றைய பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்குப் பிடித்த கிறுக்கு. 'ஆல் கரெக்ட்' என்பதை 'oll korrect' என்று எழுதினால் ஓ.கே. வந்துவிடும். 'ஆல் ரைட்' கூட 'oll wright' என்றாகி 'ஓ.டபிள்யூ.' ஆனது. இன்றைக்கு நம் பிள்ளைகள் போனில் செய்வதை அன்றைக்கு ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து செய்திருக்கிறார்கள்.

மற்றவை மறைய, இது பிழைத்ததற்கு 1840 தேர்தல் ஒரு காரணம். ஜனாதிபதி மார்ட்டின் வான் பியூரனுக்கு நியூயார்க் மாநிலத்துக் கிண்டர்ஹூக் சொந்த ஊர். 'ஓல்டு கிண்டர்ஹூக்', அதாவது ஓ.கே.! ஆதரவாளர்கள் 'ஓ.கே. கிளப்' தொடங்கினார்கள். எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா? அவருக்கு முன்னால் ஜனாதிபதியாக இருந்த ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, 'ஆல் கரெக்ட்' என்பதை இப்படி எழுதியது அவர்தான் என்று கிளப்பிவிட்டார்கள். தேர்தலில் வான் பியூரன் தோற்றார். 'ஓ.கே.' மட்டும் ஊரெல்லாம் பரவிவிட்டது.

இவ்வளவையும் பழைய செய்தித்தாள்களைப் புரட்டி 1960களில் எழுதியவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட்.

நம்மிடம் வந்தபின் அதற்கு வேலை கூடிவிட்டது. லோன் ஓகே ஆகிறது, பெண் வீட்டில் ஓகே பண்ணுகிறார்கள். பிடிக்காத வேலையைச் சொன்னால் "ஓகே..." என்று ஒரு இழுவை வரும் பாருங்கள், அதற்கு அகராதியில் பொருள் கிடையாது.

போட்டிக்கு நாள் இருந்தால் மகளை அந்தப் பத்தியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். அப்புறம், மச்சானிடம் என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.