மோர்டா பைப்: வழவழப்பா, சாண்ட்பிளாஸ்டா?

கேள்வி: மோர்டா மரத்தில் கையால் செய்த புகைபிடிக்கும் பைப் ஒன்று வாங்க நினைக்கிறேன். பாலிஷ் போட்ட வழவழப்பு நல்லதா, மணலை வேகமாக அடித்துச் சொரசொரப்பாக்கிய சாண்ட்பிளாஸ்ட் நல்லதா? சாண்ட்பிளாஸ்ட் என்பதே மரத்தின் குறையை மறைக்கிற வேலை என்கிறார்களே?

கடைசி வரி இல்லாவிட்டால் பேசாமல் போயிருப்பேன். இதே வார்த்தையை என் மச்சான் என்னிடமே சொல்லியிருக்கிறார், அதுவும் என் கையால் செய்த பைப்பைப் பார்த்துவிட்டு. அதனால் கொஞ்சம் நீளும்.

புகையிலை கெடுதல் என்று சொல்ல வருகிறவர்களுக்கு: தெரியும் ஐயா. எங்கள் அப்பா சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய்), சுருட்டு இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. கடைசி இரண்டு வருடம் அவர் மூச்சுக்குப் பட்ட பாட்டையும் பார்த்தவன் நான். மாதத்தில் ஒன்றிரண்டு தடவை பற்ற வைப்பேன், அவ்வளவுதான். எனக்குப் பைத்தியம் மரத்தின் மேல்.

இருப்பது இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில், சேந்த் ஆந்த்ரே என்ற ஊரில். சொந்த ஊர் புதுச்சேரிப் பக்கம் வில்லியனூர். பள்ளிக்கூட வேலை போக மிச்ச நேரத்தில், கார் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கடைசல் மெஷினை வைத்து உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

மோர்டா என்பது தனி மரமில்லை, ஓக்தான். பிரான்சின் மேற்கே சேந்த் நசேருக்குப் பக்கத்தில் பிரியேர் என்றொரு பெரிய சதுப்பு நிலம். அங்கே சாய்ந்த மரங்கள் காற்றுப் படாமல் 3,000, 5,000 ஆண்டு சேற்றில் ஊறிக் கிடந்திருக்கின்றன. ஓக்கின் துவர்ப்பு சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்து மரத்தை உள்வரை கறுப்பாக்கிவிடுகிறது. கடுக்காய்த் தண்ணீரில் அன்னபேதியைப் போட்டால் கறுப்பு மை ஆகுமே, அதே சங்கதி. மேல் பூச்சு இல்லை, சாயம் இல்லை. அறுக்கும்போது வாய்க்கால் தூர்வாருகிற வாடை வரும். என் மனைவி இரண்டு நாள் அந்தப் பக்கமே வரவில்லை.

வழக்கமான பைப் மரமான பிரையர் வேறு. அது எரிக்கா என்ற செடியின் அடிவேரில் திரளும் முடிச்சு, சாதாரணப் பலகை மாதிரி ஒரே திசையில் ரேகை ஓடாது. (எங்கள் தீவில் மலை மேலே வளரும் பிரான்ல் என்ற செடி அதற்குப் பங்காளி முறை. நிறைய இடம் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் யாரும் தொட முடியாது, நானும் தொட்டதில்லை, போட்டுக்கொடுத்து விடாதீர்கள்.) பிரையரைக் கடையக் கடைய உள்ளே குழியும் மண்ணும் தட்டுப்படும். சின்னக் குழி இருந்தால் சாண்ட்பிளாஸ்டில் அது காணாமல் போகும். அங்கே அந்தப் பேச்சு பாதி உண்மை. பாதிதான். லண்டனில் டன்ஹில் கம்பெனி 1917இல் 'ஷெல்' என்று கொண்டுவந்த சொரசொரப்பான பைப்பை இன்றைக்கும் ஜனங்கள் தேடி வாங்குகிறார்கள் என்றால் குறையை மறைத்ததற்காகவா?

இனி என் கதை. பிரியேர் பக்கமிருந்து ஒரு கட்டை வரவழைத்தேன். வந்த செலவைச் சொன்னால் வயிறு எரியும். இதுவும் பிரான்ஸ்தானே, பாஸ்போர்ட் ஒன்றுதானே, ஆனால் பார்சல் மட்டும் வெளிநாட்டிலிருந்து வந்த மாதிரி நிற்கும். இங்கே வாட் 8.5 சதவீதம்தான் என்று பெருமையாகச் சொல்வார்கள், கூடவே 'ஒக்த்ருவா தெ மேர்' என்று கடல் வரி ஒன்று இருப்பதைச் சொல்ல மாட்டார்கள். அதற்கும் மேலே அந்தப் பார்சல் கம்பெனி 'கையாண்ட கட்டணம்' போட்டது. எதைக் கையாண்டார்கள்? பெட்டி ஒரு மூலை நசுங்கித்தான் வந்தது. ஏன் என்று கேட்டு மூன்று கடிதம் போட்டேன், பதில் இல்லை. சரி, விடுங்கள்.

நாலு வாரம் கடைந்து, உப்புத்தாளில் படிப்படியாகத் தேய்த்து, மெழுகு போட்டு, கண்ணாடி மாதிரி ஆக்கினேன். வாட்சப்பில் மச்சானுக்குப் படம் அனுப்பினேன். "என்ன மாமா, பிவிசி பைப்பா?" என்று பதில் வந்தது. கோபம் வந்தாலும், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அவர் சொன்னதில் தப்பில்லை. கறுப்பு ரேகையை விழுங்கிவிட்டிருந்தது. வெயிலில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் ஓக்கின் குறுக்குக் கீற்றுகள் பட்டுத்துணி மாதிரி மினுங்கும். நிழலுக்குப் போனால் வெறும் கறுப்பு.

பக்கத்துத் தெருவில் கார் ரிம்முக்கு சாண்ட்பிளாஸ்ட் அடிக்கிற தம்பி ஒருவன். வருடா வருடம் தீ மிதிப்பவன், என்னைவிடக் கறாராக விரதம் இருப்பவன், பேச்சு மட்டும் இந்தத் தீவின் பிரெஞ்சுக் கலப்பு மொழியான கிரியோல்தான். அவனிடம் கொண்டுபோனேன். அழுத்தம் ஏழு பார் வைத்திருந்தான். குறைக்கச் சொன்னேன், நாலுக்குக் கொண்டுவந்தான். அடித்து முடித்துத் துடைத்துக் கொடுத்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

ஓக்கில் வசந்த காலத்தில் வளர்கிற பகுதி பெரிய துளைகளோடு மெத்தென்று இருக்கும், கோடையில் வளர்வது கெட்டி. மணல் மெத்தென்றதைத் தின்றுவிடும், கெட்டியானது வரப்பு மாதிரி நிற்கும். ஒரு வரப்பு, ஒரு பள்ளம், ஒரு வருடம். கட்டைவிரல் நகத்தை மேலிருந்து கீழே இழுத்து எண்ணினேன்: 45 மில்லிமீட்டர் உயரத்தில் 31 வளையம். எந்தப் பாலிஷிலும் கண்ணுக்குத் தெரியாதது இப்போது விரலுக்கே தெரிந்தது. இதையா ஐயா மறைக்கிற வேலை என்கிறீர்கள்?

ஆனால் ஒரு தப்பு நடந்தது, என்னுடைய தப்புதான். கடிக்கிற குழாய் வந்து உட்காரும் இடத்தில், தண்டின் முகத்தை ஒரு அடைப்பு வைத்து மூடியிருக்க வேண்டும். ஆசையில் மறந்துவிட்டேன். மணல் அந்த விளிம்பையும் தின்றுவிட்டது. குழாயைச் செருகினால் நடுவே நகம் நுழைகிற இடைவெளி. திரும்பச் சீவினால் தண்டு குட்டையாகிவிடும். கடைசியில் எங்கள் மலை மரமான தாமரேன் தே ஓவில் வெளிர்பழுப்பு வளையம் ஒன்று கடைந்து மாட்டினேன். பார்ப்பவர்கள் "டிசைன் நன்றாக இருக்கிறதே" என்பார்கள். நானும் ஆமாம் என்பேன். மச்சானுக்கு மட்டும் உண்மை தெரியும்.

உங்களுக்கு இது முதல் பைப் என்று நினைக்கிறேன், பிரையரில் ஏற்கெனவே நாலு வைத்திருப்பவர் இப்படிக் கேட்க மாட்டார். சாண்ட்பிளாஸ்டே வாங்குங்கள். வழவழப்பு பிடித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், கறுப்பே அழகு என்பவர்களுக்கு அது சரிதான். பணம் கொடுக்குமுன் இரண்டு படம் கேளுங்கள். ஒன்று பக்கவாட்டில்: நார் தண்டின் நீளவாக்கில் ஓட வேண்டும். தண்டுக்குக் குறுக்கே ஓடினால், பிரையர் தாங்குவதை இது தாங்காது, குழாயைத் திருகி இழுக்கும்போது ஒடியலாம். இன்னொன்று குழாயும் தண்டும் சேருகிற இடத்தை நெருங்கி எடுத்தது. அங்கே கோடு மட்டும்தான் தெரிய வேண்டும், இருட்டு தெரியக் கூடாது. வளையம் மாட்டியிருந்தால் ஏன் மாட்டினார் என்று செய்தவரிடம் கேட்டுப் பாருங்கள்.