வாரத்துக்கு நான்கு சமையல் போதும்

கேள்வி: இருவரும் வேலைக்குப் போகிறோம். ஞாயிறன்று வாரம் முழுவதற்கும் பட்டியல் எழுதி ஒட்டுகிறேன். புதன்கிழமைக்குள் குலைந்துவிடுகிறது, வாங்கிய காயும் வாடிப்போகிறது. எங்கே தப்பு?

பதில்: ஏழு நாளுக்கு ஏழு புதுச் சமையல் எழுதுவதில்தான். முதலில் எந்தெந்த மாலை வீடு திரும்பத் தாமதமாகும் என்று குறியுங்கள். அந்த நாட்களுக்கு முட்டை மாதிரி 15 நிமிட வேலை, இல்லையென்றால் முந்தின நாளே இரட்டிப்பாகச் செய்தது. நான்கு நாள் சமையல், இரண்டு நாள் மீந்தது, ஒரு நாள் காலி. காலி நாளை நிரப்பிவிடாதீர்கள். தவறிப்போகும் சமையலைத் தள்ளிப்போட இடம் வேண்டும்.

காயை வாடும் வரிசையில் சமையுங்கள். கீரை, காளான் முதல் இரண்டு நாளில். பீன்ஸ், குடைமிளகாய் நடுவில். கேரட், முட்டைகோஸ் கடைசியில். கீரையைக் கழுவி ஈரத்தோடு ஃபிரிட்ஜில் வைத்தால் சீக்கிரம் அழுகும். உலர்ந்த துணியில் சுற்றிவைத்து, சமைக்கும்போது கழுவுங்கள்.

கேள்வி: மொத்தமாகச் சமைத்து வைத்தால் எத்தனை நாள் தாங்கும்?

பதில்: பருப்பு, பயறு, கோழி எல்லாம் ஃபிரிட்ஜில் 3 நாள். சோறு மட்டும் ஒரே நாள். அரிசியில் உள்ள பேசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள் கொதித்தாலும் சாவதில்லை. சோறு வெளியே ஆறிக்கொண்டே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அது போகாது. அதனால் சோற்றை ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து உள்ளே வையுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: பெரிய பாத்திரத்தோடு விட்டால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். 5 செ.மீ.க்கு மேல் ஆழம் வராமல் தட்டை டப்பாக்களில் பரப்புங்கள். ஃபிரிட்ஜ் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கட்டும்.

மூன்று நாளுக்கு மேல் வேண்டுமென்றால் ஃப்ரீசர். உருளைக்கிழங்கு போட்டது உறைந்து இளகினால் சொதசொதவென்றாகிவிடும். அதைச் சாப்பிடும் நாளில் சேர்த்துக்கொள்ளலாம். நீர்ப்பதமான உணவு உறையும்போது விரியும் என்பதால் டப்பாவில் ஒரு விரற்கடை இடம் விடுங்கள். மேலே தேதி எழுதி ஒட்டுங்கள்.

கேள்வி: மூத்தவனுக்குக் காரம் வேண்டும். சின்னவள் காயைக் கண்டாலே தட்டைத் தள்ளுகிறாள். தனித்தனியாகச் சமைக்கவா?

பதில்: வேண்டாம். காரம் சேர்க்கும் முன் சின்னவள் பங்கை எடுத்துவிடுங்கள். அவள் வழக்கமாகச் சாப்பிடும் ஏதாவது ஒன்று தட்டில் இருக்க வேண்டும். பக்கத்தில் புதுக் காய் ஒரு தேக்கரண்டி, அவ்வளவே. சில குழந்தைகள் பத்துப் பதினைந்து தடவை பார்த்த பிறகே வாயில் வைப்பார்கள். நாமோ மூன்றாம் தடவையிலேயே ‘அவளுக்குப் பிடிக்காது’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். கெஞ்சவும் வேண்டாம், மிரட்டவும் வேண்டாம். பட்டியல் எழுதும்போது ‘என்ன வேண்டும்?’ என்று கேட்டால் தினமும் ஒரே பதில்தான் வரும், ‘கேரட்டா, பீன்ஸா?’ என்று கேளுங்கள்.